தண்ணி விட வந்தவர்

பாலையூற்று இராசதுரை தன்னுடைய ஐம்பத்துநாலு வருடச் சீவியத்தில் ஒரு சொட்டுச் சாராயத்தை நாக்கில் வைத்தவரல்ல. கலியாண வீட்டுக் கொல்லைப்புறத்தில் போத்தல் திறக்கிற சத்தம் கேட்டால், கதிரையைத் தூக்கிக்கொண்டு பெண்டுகள் வெற்றிலை போடுகிற பக்கம் போய்விடுவார். அப்படிப்பட்ட மனுசனை ஊர் ‘தண்ணி இராசதுரை’ என்று கூப்பிட்டதென்றால், ஊரின் வாயை யார் கட்டுவது? அவர் பவுசர்காரர். ஆறாயிரம் லீற்றர் கொள்ளும் நீலப் பவுசர் ஒன்றை இருபத்திரண்டு வருடமாக ஓட்டி, கிணறு வற்றினவர்களுக்கும் குழாய் வராதவர்களுக்கும் தண்ணி விட்டு வந்தார்.

அந்த ஆவணியில் அவருக்குத் தலைக்கு மேலே வேலை. மழை இல்லை, அது ஒன்று. மற்றது, மகள் ஜெயரூபிக்கு உப்புவெளியிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்திருந்தது. மாப்பிள்ளை இராகுலன் நில அளவைக் கந்தோரில் வேலை. பெடியன் தங்கமான பெடியன். அவனை ஜெயரூபிக்கு முன்னமே தெரியும் என்று தாய் குணேஸ்வரிக்கு ஓர் ஐமிச்சம் உண்டு. அவள் அதை வெளியில் விடவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் கனகசூரியம் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். மதுஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவர். மனுசன் சீதனம் கேட்கவில்லை, காணி கேட்கவில்லை. குடிக்கிற வீட்டில் மட்டும் கை நனைக்கமாட்டேன் என்று தரகரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தரகரும் கெட்டிக்காரன், ‘தண்ணி’ என்ற பட்டப்பெயரை வாயில் எடுக்காமல், “சொந்த வாகனம் வைச்சிருக்கிறார்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த ஞாயிறு விட்டு மற்ற ஞாயிறு பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

இந்த நேரத்தில்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. உள்துறைமுக வீதியில் ‘கலங்கரை’ என்றொரு இடமாம். தண்ணிப் பிரச்சினையாம். கெதியாக வரட்டாம். இராசதுரை பவுசரை நிரப்பிக்கொண்டு போனார்.

பெரிய மாடிவீடு. மதிலுக்கு மேலே முள்ளுக்கம்பி. கேற்றில் ‘கலங்கரை புனர்வாழ்வு இல்லம்’ என்று தங்க எழுத்து. காவலுக்கு நின்ற நௌபர் கிண்ணியாக்காரர், நரைத்த தாடி, நல்ல மனுசன். கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“என்னத்துக்கு வந்தீங்க?”

“தண்ணி விட வந்தனான்.”

நௌபருடைய முகம் உருகிப்போயிற்று. “அல்ஹம்துலில்லாஹ்! தானாவே வந்திரிக்கீங்க. இஞ்ச வாற ஆக்கள நாலு பேர் தூக்கிக்கிட்டுத்தான் வாற.”

இராசதுரைக்கு இது விளங்கவில்லை. “என்னை ஒருதரும் தூக்கத் தேவையில்லை, தம்பி. நான் எப்பவும் தனியத்தான் வாறனான்.”

“எவ்வளவு காலமா?”

“இருபத்திரண்டு வருசம்.”

“ஒரு நாளைக்கு?”

“மழை பெஞ்சா ஒருக்கா. வெயில் காலமெண்டா மூண்டு தரமும் போகும்.”

நௌபர் பெருமூச்சு விட்டு, அவருடைய தோளில் கையைப் போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். உள்ளே ஜுமானா என்ற உளவளத்துணையாளர் பிள்ளை, கண்ணாடி போட்டவள், மூன்று ஆங்கிலப் பேப்பரை நீட்டினாள். பவுசர் போகிற இடமெல்லாம் கையெழுத்து வாங்குவது வழக்கம்தானே. இராசதுரை மூன்றிலும் போட்டார். போனையும் பவுசர்த் திறப்பையும் கேட்டார்கள். துறைமுகப் பக்கம் நேவிக்காரரிடம் போனைக் கொடுத்துக் கொடுத்துப் பழகின கை அவருடையது, யோசிக்காமல் கொடுத்தார். ஜுமானா இரண்டையும் பணிப்பாளர் அறை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு சாம்பல் நிறச் சாரம் ஒன்றையும் ‘12’ என்று எழுதின பனியனையும் நீட்டியபோதுதான் மனுசன் கதவுப் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, தாங்கி எங்க இருக்கெண்டு காட்டினா நான் தண்ணியை விட்டிட்டுப் போயிடுவன்.”

“தாங்கி ஒங்களுக்குள்ளதான் இருக்கு, ஐயா,” என்றாள் ஜுமானா. பயிற்சியில் அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். “தொண்ணூறு நாளில் விட்டுடலாம்.”

சத்தம் கேட்டுப் பணிப்பாளர் வந்தார். கலாநிதி பாக்கியரத்தினம். எந்தப் பல்கலைக்கழகத்துக் கலாநிதி என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. தலையில் கப்பல் கப்டன்மார் போடுகிற வெள்ளைத் தொப்பி. மூதூர் லோஞ்ச் படகில் ஒருமுறை ஏறி, கரையை விட முன்னமே சத்தி எடுத்தவர் என்பது நௌபருக்கு மட்டும் தெரிந்த கதை.

“இஞ்ச நோயாளியள் இல்லை,” என்று தொடங்கினார் பணிப்பாளர். “எல்லாரும் கப்பல். தரைதட்டின கப்பல். நான் கலங்கரை. நீர் பன்னிரண்டாம் கப்பல்.”

“நான் பவுசர், ஐயா. கேற்றடியில நிக்குது பாருங்கோ. நான் ஒருநாளும் குடிச்சதில்லை.”

பணிப்பாளருடைய கண்ணில் ஒரு சந்தோசம் வந்தது. “மறுப்பு! எழுதும் ஜுமானா, முதல் அறிகுறி. பாவிக்கிறவன் என்ன சொல்லுவான்? பாவிக்கேல்லை எண்டு சொல்லுவான். நீர் என்ன சொல்லுறீர்?”

“பாவிக்கேல்லை எண்டுதான்.”

“பார்த்தீரா!”

இராசதுரை விடவில்லை. “அப்ப, பாவிக்காதவன் என்ன சொல்லுவான், ஐயா?”

இந்தக் கேள்வி எந்தப் பாடத்திலும் வரவில்லை. பணிப்பாளர் தொப்பியைச் சரிசெய்தார். “பாவிக்காதவன் இஞ்ச வரமாட்டான்,” என்றார். அதோடு விசாரணை முடிந்தது.

விறாந்தைச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. அதுதான் அந்த இல்லத்தின் வேதம். ‘ஆசையைத் தூண்டும் சொற்களுக்குத் தடை’ என்று தலைப்பு. ‘தண்ணி’ என்ற சொல்லை ஒருமுறை சொன்னால் ஒரு நாள் கூடும். ‘நீர்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘குடி’ என்று தொடங்கும் எந்தச் சொல்லும் ஆகாது. சாப்பிடலாம், பருகலாம், பாவிக்கலாம், குடிக்கக் கூடாது. கிட்டத்தட்ட அதே சத்தம் என்று குடும்பத்தைக்கூட ‘வீட்டார்’ என்றார்கள். சுவரில் சட்டம்போட்டு மாட்டியிருந்த அரசாங்கப் பதிவுப் பத்திரத்தில்கூட, ‘குடியரசு’ என்ற இடத்தில் ‘குடி’க்கு மேலே பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. ‘யரசு’ மட்டும் மிச்சம்.

தண்ணிக்காரர் பாடு எப்படியிருக்கும்? காலை பத்து மணிக்கு அவர் வழமைபோல, “பிள்ளை, ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?” என்று கேட்டார். ஒரு நாள். “என்ன, தேத்தண்ணிக்குமோ?” என்று திகைத்தார். இரண்டு நாள். “அட, தண்ணியெண்டு என்ர வாயில தானா வருது, நான் தண்ணிக்காரன்!” என்றார். நாலு நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் தொண்ணூறு நாள் தொண்ணூற்றெட்டாகி நின்றது. ஆனந்தப்பட்டுப்போன பணிப்பாளர், “தீவிர நிலை” என்று சிவப்பு மையால் எழுதினார்.

மகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது இராசதுரைக்கு. இன்னும் பதின்மூன்று நாளில் மாப்பிள்ளைப் பகுதி வரப்போகிறது. தகப்பன் எங்கே என்று கேட்டால் குணேஸ்வரி என்னத்தைச் சொல்லுவாள்? குடிகாரர் மடத்தில் இருக்கிறார் என்றா? வாழ்நாள் முழுக்க ஒழுங்காக இருந்ததற்கு இதுவா கூலி என்று நினைக்க, மனுசனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அவருடைய அறையில் இருந்தவர் தவராசா. துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்ச் ஓட்டினவர். கலங்கரைக்கு வந்தது இது நாலாவது முறை. இராசதுரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரே பார்வையில் பிடித்துவிட்டார்.

“நீர் குடிக்கிறனீர் இல்லை.”

“எப்பிடித் தெரியும்?” இராசதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து அவரை நம்பின முதல் ஆள் இந்தக் குடிகாரர்தான்.

“உம்மட கண் வெள்ளையா இருக்கு. அதோட, சோத்தைப் பாத்த உடனே சாப்பிடுறீர். எங்களுக்குச் சோறு ஏலாது.” குரலைத் தாழ்த்தினார். “இஞ்ச ஒரு விசயம் விளங்கிக்கொள்ளும். ஒத்துக்கொண்டா பதினாலு நாள். ஒத்துக்கொள்ளாட்டி தொண்ணூறு.”

“குடிக்காததை எப்பிடி ஒத்துக்கொள்ளுறது?”

“அது உம்மட கரைச்சல். நான் முதல் நாளே ஒத்துக்கொண்டனான். சத்தியமா விடோணும் எண்டுதான் வந்தனான், பதினாலு முடிஞ்சாலும் இருக்கப்போறன். அதாலதான் என்னை ஒருதரும் கவனிக்கிறேல்லை. மறுப்பு இல்லாட்டி இவையளுக்கு என்ன வேலை?”

விடியற்காலையில் தவராசாவின் இரண்டு கையும் நடுங்கும். கோப்பையைப் பிடிக்க ஏலாது. உதடு வரை கொண்டுபோவதற்குள் பாதி நெஞ்சில் ஊற்றுப்படும். ‘நடுக்கம்: புதிய பயணத்தின் தாளம்’ என்று ஒரு துண்டுப்பிரசுரத்தை நிர்வாகம் அவருடைய தலையணையில் வைத்திருந்தது. டொக்டர் இல்லையா என்று இராசதுரை கேட்டார். “வருவார், மாதத்துக்கு ஒருக்கா. படம் எடுக்கிறதுக்கு,” என்றார் தவராசா. பிறகு ஒவ்வொரு காலையும் இராசதுரைதான் கோப்பையை அவருடைய வாயடியில் பிடித்தார். விஞ்ச் ஓட்டின அந்தக் கை அப்படி நடுங்குவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் குணேஸ்வரி தேடிக்கொண்டு வந்துவிட்டாள். மேல்மாடிக் கம்பிக்குப் பின்னால் நின்று இராசதுரை எல்லாவற்றையும் பார்த்தார். கேற்றுப் பலகையில் ‘புனர்வாழ்வு’ என்ற சொல்லை வாசித்தவுடனே அவள் தலையில் கை வைத்துக் குந்திவிட்டாள்.

“அவர் ஒரு இயக்கத்திலயும் இருக்கேல்லையே, தம்பி! சண்டை முடிஞ்சு இத்தினை வருசத்துக்குப் பிறகு ஆர் காட்டிக் குடுத்தது?”

“அந்தப் புனர்வாழ்வு இல்ல, தங்கச்சி. இது குடிக்கு,” என்றார் நௌபர். பாவம், அவருக்கு ஒரு நாள் சம்பளம் வெட்டு.

“குடிக்கோ?” அவள் எழும்பி நின்றாள். “அந்த மனுசன் இருமல் பாணி குடிக்கவே பயப்பிடுறவர்!”

ஜுமானா வந்து ‘உடன்மறுப்பு’ என்ற துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்தாள். வீட்டாரும் மறுப்பது இயல்பென்றும், விரும்பினால் அவளும் பெண்கள் பகுதியில் ஒரு மாதம் தங்கலாமென்றும் விளக்கினாள். முதல் ஏழு நாள் ஒருவரையும் பார்க்க விடமாட்டார்களாம். பொலிசுக்குப் போகலாம்தான். போனால் விடிவதற்குள் உப்புவெளி வரை கதை போய்விடும். குணேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். போகும்போது மேலே பார்த்து, “வெருகல் கோயிலுக்கு நேத்திக்கடனுக்குப் போயிட்டீங்கள் எண்டு சொல்லுறன்!” என்று கத்திவிட்டுப் போனாள்.

ஊர் கண்ணில் பட நிற்கும் பவுசரை என்ன செய்வது என்று அவர் தவித்துக்கொண்டிருக்க, அந்தக் கவலையைப் பணிப்பாளரே தீர்த்து வைத்தார். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த அவருடைய கண்ணில் பவுசரின் முதுகில் எழுதியிருந்த ‘குடிநீர்’ பட்டுவிட்டது. முதல் இரண்டு எழுத்துக்கு மேலே அவர் வாசிக்கவில்லை. “இதென்ன விளம்பரம்! மூடு அதை!” என்று கத்தினார். நௌபர் ஒரு பெரிய தறப்பாளைப் போட்டு முழுப் பவுசரையும் மூடினார். குழாய்வாய் மட்டும் வெளியே தெரிந்து சொட்டிக்கொண்டிருந்தது. இந்த ரவுனில் மாடுபோலத் திரிகிற மான்கள் இரண்டு வந்து முறை வைத்து நக்கின.

வியாழக்கிழமை கலங்கரையின் தாங்கி காலி. அது காலியாகத்தானே வேண்டும்; நிரப்ப வந்த மனுசனை மேல்மாடியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். குளிக்கவில்லை, மலசலகூடத்துக்கு வாளி இல்லை, குசினியில் பாத்திரம் மலைபோலக் குவிந்தது. அயல்வீட்டுக் கிணற்றிலிருந்து வாளியில் வந்தது சமைக்க மட்டும்தான் கண்டது. பணிப்பாளர் தன்னுடைய அறையில் இராசதுரைக்கு ‘சுய ஏற்பு’ வகுப்பு எடுத்துக்கொண்டே, மின்கம்பத்து விளம்பரத்திலிருந்து பிடித்து, திங்கட்கிழமை கூப்பிட்ட அதே பவுசர் இலக்கத்துக்குத் திரும்பப் போன் அடித்தார்.

அலுமாரிக்குள் சேவல் கூவியது.

“ஐயா, அது என்ர போன்,” என்றார் இராசதுரை.

பணிப்பாளர் போனைக் காதிலிருந்து எடுத்தார். சேவல் நின்றது. திரும்ப அடித்தார். திரும்பக் கூவியது.

“பார்த்தீரா ஜுமானா? எந்த மணி அடிச்சாலும் தனக்குத்தான் அடிக்குது எண்டு நினைக்கிறார். சுயமைய மயக்கம்.” எரிச்சலோடு போனை வைத்தார். “இந்தப் பவுசர்காரன் எடுக்கிறானில்லை. எங்கயாவது தவறணையில விழுந்து கிடப்பான். எங்கட சமூகத்துக்குப் பொறுப்பில்லை, அதுதான் பிரச்சினை. ஒரு மனுசன் உதவி கேக்கிறான், மற்றவன் காது குடுத்துக் கேக்கிறானில்லை!”

இராசதுரை வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பேசினால் நாள் கூடும்.

வெளியே வரும்போது ஜுமானா அவரை மெல்ல மறித்தாள். “ஐயா, நீங்க உண்மையிலேயே... பவுசர்தானா?”

“ஓம், பிள்ளை.”

அவள் கோப்புக் கட்டு முழுவதையும் புரட்டினாள். தப்பி ஓடினவருக்குப் படிவம் இருந்தது. செத்தவருக்கு இருந்தது, திரும்ப வந்தவருக்கு மூன்று வகை இருந்தது. “பிழையா வந்தவருக்குப் படிவம் இல்லையே, ஐயா,” என்றாள். அழுவாள் போலிருந்தாள். “ஒத்துக்கொள்ளுங்க. நான் சனிக்கிழமைப் பட்டியல்ல சேர்த்து விடுறன்.”

சனிக்கிழமை என்றால் அடுத்த வாரச் சனிக்கிழமை. ‘கரைசேர்ப்பு விழா’. குணமான கப்பல்களுக்குச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிற வைபவம். இந்த முறை குணமானவர் என்று காட்ட ஒரு கப்பல்கூட இல்லாமல் பணிப்பாளர் தவித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து இராசதுரையின் இரத்தப் பரிசோதனை வந்தது. மது: பூச்சியம். ஈரல்: பிறந்த பிள்ளையின் ஈரல்.

“இருபத்திரண்டு வருசப் பாவனை, எட்டே நாளில் பூச்சியம்!” பணிப்பாளர் அழுதேவிட்டார். கூடின நாளெல்லாம் மன்னிக்கப்பட்டது. இராசதுரையின் படம் போட்டுப் பெரிய பதாகை அடித்தார்கள். மேடையில் தன்னுடைய கதையைச் சொல்லி ஒத்துக்கொள்ள வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. ஒத்துக்கொண்டால் சனி பின்னேரம் வீட்டுக்குப் போகலாம், ஞாயிறு பெண்பார்ப்புக்கு நிற்கலாம். மாட்டேன் என்றால் தொண்ணூறு.

“நாலு பொய்யைச் சொல்லிப்போட்டுப் போவம்,” என்று மனதைத் தேற்றிக்கொண்டு சனிக்கிழமை காலை கீழே இறங்கின இராசதுரை, வாசலில் தொங்கின அழைப்புப் பலகையைப் பார்த்தார். பிரதம விருந்தினர்: மதுஒழிப்புச் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற தமிழாசான், திரு. கனகசூரியம்.

கால் இரண்டும் தள்ளாடியது. பார்த்தவர்கள், பழைய பழக்கம் இன்னும் விடவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

“முடிஞ்சுது தவராசா! குடிக்கிறனான் எண்டா பிள்ளையின்ர கலியாணம் போச்சு. குடிக்கேல்லை எண்டா நான் வீட்ட போகேலாது, அப்பவும் போச்சு.”

தவராசா தன்னுடைய கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய கை அன்று கொஞ்சம் அடங்கியிருந்தது. “பொய் சொல்லாதையும்,” என்றார். “நீர் செய்யிற தொழிலைச் சொல்லும். உள்ளது உள்ளபடி. அது காணும்.”

மேடையில் இன்றைக்கு மட்டும் தடைச்சொல் சொல்லலாம் என்று சலுகை. முன்வரிசையில் வேட்டி சால்வையோடு கனகசூரியம், முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. இராசதுரை மைக்கைப் பிடித்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். என்ர பேர் இராசதுரை. ஊரில என்னைத் தண்ணி இராசதுரை எண்டுதான் சொல்லுவினம்.”

பெயரைக் கேட்டதும் கனகசூரியம் நிமிர்ந்தார். புருவம் நெற்றிக்குப் போயிற்று. சபை கைதட்டியது.

“இருபத்திரண்டு வருசமாத் தண்ணிதான் என்ர சீவியம். விடிய நாலரைக்கு எழும்பினா முதல் நினைப்பு தண்ணிதான். முகமும் கழுவாமல் போய் வரிசையில நிப்பன். பெண்சாதியின்ர தாலிக்கொடியை ஒருக்கா அடகு வைச்சதும் தண்ணிக்காகத்தான்.” அடுத்ததை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை, தானாக வந்தது. “என்ர மகள் பிறந்த அண்டைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் போகேல்லை. தண்ணி, தண்ணி எண்டு திரிஞ்சனான். பிள்ளையை மற்ற நாள்தான் பாத்தனான். அது இண்டைக்கும் எனக்கு நோகுது.”

பணிப்பாளர் கண்ணைத் துடைத்தார். “வேற?” என்று ஊக்கினார்.

“சனம் என்னைக் கண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும்.”

“கற்பனைத் தோற்றம்,” என்று பணிப்பாளர் பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கினார்.

கனகசூரியம் கையை உயர்த்தினார். “ஒரு கேள்வி. ஒரு நாளைக்கு எவ்வளவு?”

“ஆறாயிரம் லீற்றர், ஐயா. கோடையெண்டா பதினெட்டாயிரம்.”

சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. “மிகைப்படுத்தலும் ஒரு அறிகுறிதான்,” என்றார் பணிப்பாளர். கனகசூரியம் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார்.

“அவ்வளவும் உமக்கோ?”

“எனக்கு ஒரு சொட்டும் இல்லை, ஐயா. எல்லாம் சனத்துக்குத்தான்.”

“தரகர் சொன்ன அந்தச் சொந்த வாகனம் என்ன நிறம்?”

“நீலம், ஐயா. கேற்றடியில தறப்பாள் போட்டு மூடியிருக்கு.”

கனகசூரியம் கைலேஞ்சியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கியது. பிரதம விருந்தினர் அழுகிறார் என்று சபையும் அழுதது. பிறகு அவர் எழுந்து இரண்டே வசனம் பேசினார். “முப்பத்தாறு வருசம் பிள்ளையளுக்குச் சிலேடை படிப்பிச்சனான். அதாலதான் ஒரு மனுசன் கரைசேருவான் எண்டு இண்டைக்குத்தான் கண்டனான்.” சிலேடை என்பது ஏதோ புதுச் சிகிச்சை முறை என்று நினைத்த பணிப்பாளர், அடுத்த மாதத்திலிருந்து கலங்கரையிலும் தொடங்கச் சொல்லி ஜுமானாவிடம் உத்தரவிட்டார்.

சான்றிதழையும் அவரே உரத்து வாசித்துக் கொடுத்தார்: ‘இவர் தண்ணியை முற்றாக விட்டுவிட்டார். இனிமேல் எக்காரணங்கொண்டும் தண்ணியைத் தொடமாட்டார், சுமக்கமாட்டார், பிறருக்கு வழங்கவும் மாட்டார்.’

மற்ற நாள் மாப்பிள்ளைப் பகுதி வந்தது. குணேஸ்வரி குசினிக்குள் நின்று கும்பிடாத தெய்வமில்லை. கனகசூரியம் கதிரையில் இருந்தார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், ஜெயரூபியைக் கூப்பிட்டார். “பிள்ளை, பலகாரம் பிறகு வரட்டும். முதல்ல கொப்பரின்ர பவுசர்த் தண்ணியில ஒரு செம்பு கொண்டு வாரும்,” என்றார். அண்ணாந்து மடமடவென்று குடித்து முடித்தார். கை நனைந்தது. இராசதுரை வெளியே போய்ப் பவுசருக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை சேவல் கூவியது. கலங்கரையிலிருந்து பணிப்பாளர். சான்றிதழ் விலாசத்தில் இருந்த இலக்கமும் மின்கம்பத்து இலக்கமும் ஒன்று என்பதைக் கண்டுபிடிக்க அந்தக் கலாநிதிக்கு இவ்வளவு நாள் எடுத்திருந்தது.

“இராசதுரை, எங்களுக்கு நீர் வேணும்.”

மனுசன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “நானோ? ஐயோ, நான் வரமாட்டன் ஐயா! நான் கரைசேர்ந்திட்டன், பேப்பர் இருக்கு!”

“நீர் இல்லை ஐசே, நீர்! நீர் இல்லாமல் பன்னிரண்டு நாளாக் கஷ்டப்படுறம்!”

“நான் இல்லாமலோ?”

“கப்பலெல்லாம் நீர் இல்லாமல் நிக்குது!”

“ஐயா, நான் பாவிக்கிறேல்லை, சுமக்கிறேல்லை, பிறருக்கு வழங்குறதுமில்லை. கீழ கையெழுத்து உங்கட.”

அந்தப் பக்கம் கலாநிதியின் பொறுமை அறுந்தது. “தண்ணி, ஐசே! தண்ணி! தண்ணி விட வாரும்!”

சத்தம் விறாந்தை முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். போனுக்குள் தூரத்தில் தவராசாவின் குரல் வந்தது.

“மூண்டு. ஜுமானா மிஸ், எழுதுங்கோ. ஐயாவுக்கு மூண்டு நாள்.”

இராசதுரை சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார். பிறகு உள்ளே இருக்கிற பதினொரு பேரையும் நினைத்தார். பவுசரை நிரப்பிக்கொண்டு புறப்பட்டார். கேற்றடியில் நௌபர் பழக்கதோசத்தில் கொப்பியைத் திறந்தார். இராசதுரை வாயைத் திறக்கவேயில்லை. சீற்றை விட்டு இறங்கவும் இல்லை. பின்பக்கம் கையைக் காட்டினார். தொப்பியோடு பணிப்பாளரே வந்து குழாயை இழுத்துத் தாங்கிக்குள் விட்டார். அவருடைய வெள்ளைச் சட்டை தோளிலிருந்து முழங்கால் வரை நனைந்தது.

முதல் கோப்பையைத் தவராசாதான் பிடித்தார். மதில் கம்பிக்குள்ளால் அதை உயர்த்திக் காட்டினார். கை நடுங்கவில்லை. “தொடாமல் இண்டைக்கு இருபத்தாறு நாள்!” என்று கத்தினார். இராசதுரை பவுசர்க் கோர்னை ஒரு நீளத்துக்கு அடித்தார்.

தாங்கி நிரம்பியது. ஜுமானா மூன்று பிரதியில் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு யன்னலுக்குள்ளால் நீட்டினாள். இராசதுரை இரண்டு கையையும் ஸ்ரேறிங்கிலிருந்து எடுத்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார்.

“பிள்ளை, தண்ணி எவ்வளவு வேணுமெண்டாலும் கேள், தாறன். கையெழுத்து மட்டும் கேளாதை.”